பெல்சார் வாங்கறதா பிரஸ்காட் வாங்கறதா: ஃபர்ஸ்ட் இயர் மைக்ரோபயாலஜி பசங்களுக்கு என் பதில்

கேள்வி இதுதான். பி.எஸ்சி மைக்ரோபயாலஜி ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்திருக்கேன், மேடம் பெல்சார்ங்கற டெக்ஸ்ட்புக் வாங்குங்கன்னு சொல்றாங்க, சீனியர்ஸ் அது தாத்தா காலத்து புக்கு ஜெராக்ஸ் நோட்ஸ் போதும்னு சிரிக்கிறாங்க, இன்னொரு சார் பிரஸ்காட்ங்கற வேற புக்குதான் படிக்கணும்ங்கறார், யார் பேச்ச கேக்கறது?

இந்த சண்டைய நான் ரெண்டு பக்கமும் நின்னு பாத்திருக்கேன். மாணவனா இருந்தப்ப பெல்சார திட்டினவன், இப்ப பதினஞ்சு வருஷமா அதையே மேசை மேல வச்சு க்ளாஸ் எடுக்கறவன். அதனால பதில் கொஞ்சம் நீளும்.

மொதல்ல புக்கு என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. பெல்சார், சான், கிரீக்னு மூணு பேர் எழுதினது. முதல் பதிப்பு 1958, அப்ப பெல்சார் கூட ரீட்னு வேற ஒருத்தர் இருந்தார். நம்ம ஊர்ல எல்லாரும் பெல்சார்னு சொல்றது அஞ்சாவது எடிஷன், அது வந்தது 1986. டாடா மெக்ராஹில் இந்தியன் எடிஷனா போட்டதால நம்ம பட்ஜெட்டுக்குள்ள வந்துச்சு, லைப்ரரிக்கு பத்து இருபது காப்பி வாங்கி போட முடிஞ்சுது, சிலபஸ் போடறவங்களும் அத வச்சே யூனிட் பிரிச்சாங்க, அப்படியே நிலைச்சிருச்சு. இதுல பசங்க ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. கடையில புதுசா வாங்கினா முன்னாடி பக்கத்துல ரீபிரிண்ட்னு ஒரு வருஷம் போட்டிருக்கும், அத பாத்துட்டு "சார் இது லேட்டஸ்ட் சார்"ம்பாங்க. ரீபிரிண்ட் வேற, எடிஷன் வேற. பேப்பர் புதுசு, அட்டை புதுசு, உள்ள இருக்கற விஷயம் அதே 1986தான்.

பசங்க அத பத்தி என்ன சொல்றாங்கன்னா, நான் ஒவ்வொரு வருஷமும் செமஸ்டர் கடைசில ஒரு துண்டு பேப்பர் குடுத்து பேர் போடாம எழுத சொல்வேன், திட்டினாலும் பரவால்லன்னு. வர்றது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். படம் எல்லாம் கருப்பு வெள்ளை. 900 பக்கத்துக்கு மேல இருக்கு, பஸ்ல தூக்கிட்டு வர முடியல. இங்கிலீஷ் கஷ்டம். பாரா பாராவா போகுது, பாயிண்ட் எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரியல. ஒரு தடவ ஒரு பேப்பர்ல, "படிக்க கதை மாதிரி நல்லாத்தான் இருக்கு, ஆனா கதைய 10 மார்க்குக்கு எப்படி எழுதறது"ன்னு இருந்துச்சு. அத இன்னும் டிராயர்ல வச்சிருக்கேன்.

அந்த புள்ள எழுதினதுதான் விஷயமே. நம்ம செமஸ்டர் எக்ஸாம் 2 மார்க், 5 மார்க், 10 மார்க்னு போகுது. பேப்பர் திருத்தறவர் முன்னாடி ஒரு கட்டு கிடக்கும், அவர் கண்ணு தேடறது டெஃபினிஷன், பிரின்சிபிள், ப்ரொசீஜர், படம், சப்ஹெடிங்குக்கு அடியில கோடு. பெல்சார் அப்படி எழுதவே இல்ல. ஒரு விஷயத்த எப்படி கண்டுபிடிச்சாங்க, ஏன் சந்தேகப்பட்டாங்க, எத வச்சு நிரூபிச்சாங்கன்னு நிதானமா சொல்லிட்டு போகும். அதனால சீனியர் ஜெராக்ஸ் நோட்ஸ்தான் பெஸ்ட்னு சொன்னா அவன் பொய் சொல்லல, பாஸ் ஆகறதுக்கு அது போதும், பாஸும் ஆயிருக்கான். ஆனா பாக்டீரியாவ சாயம் போட்டு கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ்னு ரெண்டா பிரிக்கற கிராம் ஸ்டெயின் பத்தி வைவால எக்ஸ்டர்னல் வந்து "கிராம் ஸ்டெயின் பண்றதுக்கு ஏம்ப்பா 24 மணி நேர கல்ச்சரா எடுக்கற, நாலு நாள் கல்ச்சர் எடுத்தா என்ன"ன்னு கேட்டா நோட்ஸ்ல அதுக்கு பதில் இருக்காது. வயசான கல்ச்சர்ல கிராம் பாசிட்டிவ் செல்லோட சுவர் சேதமாகி கிரிஸ்டல் வயலெட்ங்கற ஊதா சாயத்த பிடிச்சு வைக்க முடியாம போயிடும், அது நெகட்டிவ் மாதிரி சிவப்பா தெரியும். செல் சுவர் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சவனுக்கு இது தானா வரும், நாலு ஸ்டெப்ப மட்டும் மனப்பாடம் பண்ணவனுக்கு வராது.

இங்கிலீஷ் கஷ்டம்ங்கறத பத்தி கொஞ்சம் தனியா சொல்லணும், ஏன்னா வாத்தியார்கள்ல பாதி பேர் இத சோம்பேறித்தனம்னு நினைக்கிறாங்க. நான் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். முதல் வாரம் மேடம் போர்டுல கல்ச்சர் மீடியான்னு எழுதினாங்க, எனக்கு தெரிஞ்ச கல்ச்சர் கலாச்சாரம், எனக்கு தெரிஞ்ச மீடியா பத்திரிகை டிவி, ரெண்டையும் சேர்த்து என்ன சப்ஜெக்ட்டுடா இதுன்னு முழிச்சேன், பாக்டீரியா வளர்க்கறதுக்கு போடற சாப்பாடுதான் அதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்புறம் ஃபாஸ்டிடியஸ் பாக்டீரியான்னு ஒண்ணு வந்துச்சு. டிக்‌ஷனரி பாத்தா எளிதில் திருப்திப்படாத, குறை காணும் சுபாவமுள்ளன்னு போட்டிருக்கு. பாக்டீரியா எதுக்கு குறை காணணும்? ஒரு வாரம் கழிச்சுதான் உறைச்சுது, நம்ம வீட்டுல சாப்பாட்டுக்கு நொட்டை சொல்ற மாமா ஒருத்தர் இருப்பாரே, அந்த கேஸ். கடல்பாசி ஜெல்லில சத்து கலந்த சாதா நியூட்ரியன்ட் அகர் போட்டா வளராது, ரத்தத்த சூடு பண்ணி சேர்த்த சாக்லேட் அகர் வேணும். அதுல சாக்லேட்டும் கிடையாது, நிறத்துக்காக வச்ச பேரு, அதுக்கும் நான் ஏமாந்தேன். புக்க குத்தம் சொல்றதுக்கு இல்ல, அது அமெரிக்காவுல இங்கிலீஷ் பேசற பசங்களுக்கு எழுதினது. அங்க அந்த வார்த்தை வீட்டுலயே கேட்டிருப்பாங்க. தமிழ் மீடியத்துலேந்து வர்ற புள்ளைக்கு ஒரே பக்கத்துல சப்ஜெக்ட் ஒண்ணு, மொழி ஒண்ணுன்னு ரெண்டு பாடம். அதனால முதல் ரெண்டு மாசம் ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் போனா போதும், அது மெதுவே இல்ல. நானும் அப்படித்தான் போனேன்.

இப்ப ஸ்டாஃப் ரூம் பக்கம் வாங்க. இங்க மூணு கட்சி. சீனியர் ஸ்டாஃப் எல்லாம் பெல்சார் கட்சி, அவங்க படிச்சதும் அதுதான், அவங்க நோட்ஸ் எழுதினதும் அதுலேந்துதான், அதுல பென்சில்ல அடிக்கோடு போட்ட சொந்த காப்பி ஒண்ணு ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கும். பிஎச்.டி முடிச்சுட்டு புதுசா வந்தவங்க பிரஸ்காட் கட்சி, மாலிக்யூலர் பயாலஜி இல்லாத மைக்ரோபயாலஜி என்ன மைக்ரோபயாலஜின்னு கேப்பாங்க. மூணாவது மெடிக்கல் மைக்ரோ எடுக்கறவங்க, அவங்களுக்கு அனந்தநாராயணன் பணிக்கர் தவிர வேற புக்கு உலகத்துலயே கிடையாது. அது எம்பிபிஎஸ் பசங்களுக்குன்னு எழுதினது, நோய் பக்கம் நல்லா இருக்கும், ஃபர்ஸ்ட் இயர்க்கு இப்ப வேண்டாம், தேர்ட் இயர்ல பாத்துக்கலாம்.

இந்த சண்டையில பெல்சார் கட்சி, பிரஸ்காட் கட்சி ரெண்டும் புக்க மொத்தமா எடை போடறாங்க, எனக்கு அதுதான் ஒத்துக்கல. ஒரு டெக்ஸ்ட்புக்குல எல்லா சாப்டரும் ஒரே வேகத்துல கிழடாகாது. சிலது ஆகவே ஆகாது.

கிராம் ஸ்டெயின் 1884. மீடியாவ கெட்டியாக்க அகர் உபயோகிக்க ஆரம்பிச்சது 1881-82 வாக்குல, ராபர்ட் கோக் லேப்ல வேலை பாத்த வால்தர் ஹெஸ்ஸேயோட மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸே சமையல்ல ஜெல்லி செய்ய வச்சிருந்தத எடுத்து குடுத்த யோசனை, அதுக்கு முன்னாடி ஜெலட்டின் போட்டு அது 37 டிகிரில உருகி ஓடிட்டு இருந்துச்சு. பாக்டீரியா வளர்க்கற மூடி போட்ட தட்டு, பெட்ரி டிஷ், 1887. கிருமிய கொல்ற பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவ்ல 15 பவுண்டு பிரஷர், 121 டிகிரி, 15 நிமிஷம். பாக்டீரியா எண்ணிக்கை நேரத்தோட எப்படி மாறுதுன்னு காட்டற குரோத் கர்வ். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் ரெண்டாகற ஒரு ஈ.கோலை பத்து மணி நேரத்துல நூத்தி ஏழு கோடிக்கு மேல ஆயிடும்ங்கற கணக்கு. இதெல்லாம் 1986லயும் அதேதான் இன்னைக்கும் அதேதான். செல் அமைப்பு, கல்டிவேஷன், குரோத், பியூர் கல்ச்சர், ஸ்டெரிலைசேஷன், இந்த சாப்டர்கள பெல்சார் மாதிரி பொறுமையா சொன்ன புக்கு எனக்கு இன்னும் கிடைக்கல, நான் பிரஸ்காட் வச்சிருந்தும் இத சொல்றேன். உங்க ஃபர்ஸ்ட் செமஸ்டர் பேப்பர் முக்கால்வாசி இதுதான், அதனால உங்க மேடம் சொன்னதுல தப்பு இல்ல.

அதே புக்குல கிளாசிஃபிகேஷன் பக்கம் திருப்புங்க, கதை வேற. ஆசிரியர்கள்ல ஒருத்தரான கிரீக் 1984ல வந்த பெர்ஜீஸ் மேனுவல்ங்கற, பாக்டீரியாவ வகைப்படுத்தற ஆதார நூலோட முதல் வால்யூம் எடிட்டர், அதனால அன்னைக்கு தேதிக்கு அதவிட நம்பகமா யாரும் எழுதியிருக்க முடியாது. ஆனா கார்ல் வோஸ் எல்லா உயிரையும் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியான்னு மூணு டொமைனா, அதாவது மேல்மட்ட பிரிவா, பிரிச்சு எழுதினது 1990. ஆர்க்கியா தனி வம்சம்னு 1977லயே சொல்லிட்டார், டொமைன்ங்கற பட்டம் பின்னாடிதான். 1986 புக்க வச்சுட்டு மூணு டொமைன்னு 10 மார்க் எழுத முடியாது.

பசங்களுக்கு நான் ஒரு சின்ன விளையாட்டு வைப்பேன். இந்த புக்குல எது இருக்கவே முடியாதுன்னு பக்கத்த திருப்பாமலே சொல்லுங்க பாப்போம். வயித்து அல்சர் உண்டாக்கற ஹெலிகோபாக்டர் பைலோரி இருக்க முடியாது, ஹெலிகோபாக்டர்ங்கற ஜீனஸ் (பேரினம்) பேரே 1989லதான் வச்சாங்க. பேரி மார்ஷல் அந்த பாக்டீரியாவ தானே குடிச்சு வயித்த கெடுத்துக்கிட்டது 1984, அப்புறமும் அல்சருக்கு டென்ஷனும் காரமும்தான் காரணம்னு டாக்டர்கள் பல வருஷம் சொல்லிட்டிருந்தாங்க, கூட ஆராய்ச்சி பண்ண ராபின் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் வந்தது 2005. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இருக்க முடியாது, அதுவும் 1989. ஹெச்ஐவிங்கற பேர் வச்சதே 1986லதான். டிஎன்ஏவ பல மடங்கு பெருக்கற பிசிஆர் பத்தின பேப்பர் வந்தது 1985 கடைசில, அதுக்கு சூடு தாங்கற டாக் என்சைம் போட்டு ஓட்டினது 1988ல. அந்த என்சைம் குடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் மட்டும் பழசு, தாமஸ் பிராக் அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊத்துலேந்து எடுத்து 1969லயே எழுதிட்டார். இப்படி ஒரு மணி நேரம் பேசினா புக்க திட்டிட்டிருந்த பசங்களே அத ஒரு வருஷத்துல உறைஞ்சு நிக்கற போட்டோ மாதிரி பாக்க ஆரம்பிச்சுடுவாங்க.

புது புக்கு வாங்கினா எல்லாம் சரியாயிடும்னும் நினைக்காதீங்க. ரெண்டு உதாரணம் சொல்றேன்.

நீட்டுக்கு என்சிஇஆர்டி பயாலஜி படிச்சுட்டு வந்தவங்க எல்லாம் மீசோசோம்னு எழுதுவீங்க, பாக்டீரியா செல் சவ்வு உள்பக்கமா மடிஞ்சு இருக்கும், சுவாசத்துக்கு உதவும்னு. அது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு செல்ல கெமிக்கல் போட்டு பதப்படுத்தறப்ப உண்டாகற மடிப்பு, உயிரோட இருக்கற செல்லுல அப்படி ஒரு உறுப்பு இல்லன்னு 1970கள்லயே காட்டிட்டாங்க. ஒரு பையன் என்கிட்ட வந்து, "சார் மீசோசோம் இருக்கா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னான். எக்ஸாம்ல இருக்குப்பா, செல்லுல இல்லன்னேன். சிரிச்சுட்டு போயிட்டான், எனக்குத்தான் அன்னைக்கு சாப்பாடு இறங்கல. ஏன்னா கீ ஆன்சர்ல மீசோசோம் இருந்து, சரியா படிச்ச புள்ள அத எழுதாம விட்டா அவளுக்கு அரை மார்க் போகும். நான் இப்ப சொல்லி குடுக்கறது, படத்துல போடுங்க, பக்கத்துல இது ஆர்ட்டிஃபேக்ட்டுன்னு ஒரு வரி எழுதுங்க.

இன்னொண்ணு, நம்ம உடம்புல நம்ம செல்ல விட பத்து மடங்கு பாக்டீரியா இருக்குன்னு பக்கத்துக்கு பக்கம் எழுதுவாங்களே. அது 1970கள்ல போட்ட உத்தேச கணக்கு. 2016ல திரும்ப உக்காந்து எண்ணி பாத்தாங்க, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, நம்ம செல் சுமார் 30 லட்சம் கோடி, கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணு. பத்து மடங்குங்கறது கேக்க நல்லா இருந்ததால பெரிய பெரிய புக்கெல்லாம் ஒண்ண பாத்து ஒண்ணு எழுதிடுச்சு. கலர் படம் போட்ட புக்கும் காப்பி அடிக்கும்.

பேர் மாத்தற கதை இன்னும் கொடுமை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்டரோகாக்கஸ் ஆச்சு, கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் ஆச்சு, 2020ல லாக்டோபாசில்லஸ 25 ஜீனஸா உடைச்சுட்டாங்க, அடுத்த வருஷம் ஃபர்மிக்யூட்ஸ்ங்கற ஃபைலம் பேரு பாசில்லோட்டா ஆயிடுச்சு. நான் பாடம் எடுக்கறப்பவே நாக்கு பழசுக்கு போகுது. இத பழைய புக்கோட தப்புன்னு சொல்ல மாட்டேன், போன வருஷம் அச்சடிச்ச புக்குக்கும் இதே கதிதான். பழைய பேரும் தெரியணும், புது பேரும் தெரியணும், ஆஸ்பத்திரி லேப் ரிப்போர்ட்ல இன்னும் பழைய பேர்லதான் பேசிட்டிருப்பாங்க.

முதல் பாடத்துல வர்ற டெஃபினிஷனே ஆடுது தெரியுமா. மைக்ரோஆர்கனிசம்னா கண்ணுக்கு தெரியாத உயிரின்னு 2 மார்க்குக்கு எழுதறோம். 2022ல கரீபியன் பக்கம் குவாடலூப் தீவு மாங்குரோவ் சதுப்புல கிடைச்ச தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா ஒரு சென்டிமீட்டர் நீளம், வெறும் கண்ணால பாக்கலாம், கண் இமை முடி மாதிரி இருக்கும். ஒத்த செல்லு. 2 மார்க் ஆன்சர் மாறாது, ஆனா க்ளாஸ்ல இத சொன்னா தூங்கறவன் எழுந்திருப்பான்.

சரி, பிரஸ்காட். பிரஸ்காட், ஹார்லி, கிளைன் மூணு பேர் ஆரம்பிச்சது, முதல் பதிப்பு 1990, இப்ப வேற ஆசிரியர்கள் எடுத்து நடத்தறாங்க, பேர் மட்டும் பிரஸ்காட். படங்கள் அபாரம், மெட்டபாலிசம் ஜெனடிக்ஸ் எல்லாம் பெல்சார விட எவ்வளவோ மேல, எடிஷன் எடிஷனா புதுப்பிச்சுட்டே வர்றாங்க. பசங்க புலம்பல் என்னன்னா விலை, அப்புறம் கனம், அப்புறம் ஒரு பக்கத்துலயே பாக்ஸ், படம், ஓரக்குறிப்பு, கேள்வின்னு கல்யாண வீட்டு பந்தி மாதிரி எல்லாத்தையும் பரிமாறி வச்சிருக்கும், எத மொதல்ல சாப்பிடறதுன்னு தெரியல. எனக்கும் அந்த புகார் நியாயமாத்தான் படுது. ஃபர்ஸ்ட் இயர்ல அத வாங்கி வச்சுட்டு படம் மட்டும் பாத்துட்டு ஃபைனல் இயர்ல ஜூனியருக்கு வித்த பசங்க நிறைய பேர எனக்கு தெரியும், உள்ள ஒரு மடிப்பு கூட இருக்காது.

எல்லா அமெரிக்க புக்குலயும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஃபெர்மென்டேஷனுக்கு உதாரணம்னா சார்க்ராட்னு முட்டைகோஸ் ஊறுகாய் ஒண்ண காட்டுவாங்க. நம்ம பசங்கள்ல யார் அத கண்ணால பாத்திருக்கா? ஆனா அதுல முதல்ல வேலைய ஆரம்பிக்கற லூகோனோஸ்டாக் மெசென்ட்ராய்டிஸ்தான் நம்ம இட்லி மாவையும் ராத்திரி பொங்க வைக்கற முக்கியமான ஆளு. புளிப்பு ஏத்தி, கார்பன் டை ஆக்சைடு விட்டு மாவ தூக்கி விடறது அது. அதனால சார்க்ராட் வர்ற இடத்துல நான் புக்க மூடிட்டு, நாளைக்கு வீட்டுலேந்து ஒரு ஸ்பூன் புளிச்ச மாவு கொண்டு வாங்கன்னுடுவேன், ஸ்லைடுல மெலிசா தடவி ஸ்மியர் போட்டு ஸ்டெயின் பண்ணி பாப்போம். ஃபெர்மென்டேஷன் பத்தி அவங்க எழுதற ஆன்சர் அந்த வருஷம் மட்டும் நோட்ஸ் மாதிரி இருக்காது. அதே மாதிரி ரூம் டெம்பரேச்சர்ல வைக்கவும்னு புக்குல போட்டா அவங்க மனசுல இருக்கறது 25 டிகிரி வாக்குல. மே மாசம் நம்ம லேப்ல கரண்ட் போனா ரூமே இன்குபேட்டர்தான், ஃபங்கஸ் பிளேட் வச்சா பாக்டீரியா முந்திக்கும்.

காசு பிரச்சனைன்னா ஓபன்ஸ்டாக்ஸ் மைக்ரோபயாலஜின்னு ஒண்ணு 2016ல வந்துச்சு, அமெரிக்கன் சொசைட்டி ஃபார் மைக்ரோபயாலஜி கூட சேர்ந்து போட்டது, 26 சாப்டர், முழுசும் இலவசம், சட்டப்படியே டவுன்லோட் பண்ணிக்கலாம், திருட்டு பிடிஎஃப் தேடி வைரஸ் வாங்கிக்க வேண்டாம், நான் கம்ப்யூட்டர் வைரஸ சொல்றேன். நர்சிங் மாதிரி ஹெல்த் படிப்பு பசங்கள மனசுல வச்சு எழுதினதால இங்கிலீஷ் பெல்சார விட லேசு, நோய் உதாரணம் நிறைய. சாயில், இண்டஸ்ட்ரியல் பக்கம் நம்ம சிலபஸுக்கு பத்தாது.

உங்க இடத்துல நான் இருந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டா, பெல்சார் புதுசா வாங்க மாட்டேன், செகண்ட்ஹேண்ட்ல எடுப்பேன், ஃபைனல் இயர் அக்கா அண்ணன்கிட்ட கேட்டா பாதி விலைக்கு குடுத்துட்டு போவாங்க. அதுல மார்ஃபாலஜிலேந்து ஸ்டெரிலைசேஷன் வரைக்கும் உக்காந்து வரிக்கு வரி படிப்பேன். கிளாசிஃபிகேஷன், ஜெனடிக்ஸ், வைரஸ், இம்யூனாலஜி வந்தா அத மூடிட்டு ஓபன்ஸ்டாக்ஸ் போனுல திறப்பேன், படம் பெருசா வேணும்னா லைப்ரரில பிரஸ்காட். சீனியர் நோட்ஸ எக்ஸாமுக்கு பத்து நாள் முன்னாடி வாங்கி, அதுல இருக்கற ஹெடிங்க மட்டும் எடுத்துக்கிட்டு உள்ள நான் படிச்சத என் வார்த்தையில போட்டு நிரப்புவேன். அந்த கதைய 10 மார்க்குக்கு எப்படி எழுதறதுன்னு கேட்ட புள்ளைக்கும் இதத்தான் சொல்லியிருப்பேன், பேர் போடாததால ஆள் யாருன்னே தெரியாம போச்சு.

செகண்ட்ஹேண்ட் வாங்கறப்ப கிராம் ஸ்டெயினிங், குரோத் கர்வ் பக்கங்கள் இருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க. எங்க லைப்ரரி காப்பில அந்த ரெண்டுதான் பிளேடு போட்டு கிழிச்சிருக்கும்.